மணல் வளவுக்கு நாய் வேலி: வலைக்கம்பியா, மதிலா, மண்ணுக்குள்ளே வயரா?

வளவுக்காரன்:
மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கம் 20 பேர்ச் வளவு. முகப்பு 60 அடி, நீளம் 90 அடி, முழுக்கக் கடல் மணல். முன்பக்கம் 5 அடி மதிலும் இரட்டைக் கதவுக் கேற்றும் இருக்கு. வலப்பக்கம் அயல்வீட்டு மதில் 6 அடி. இடப்பக்கமும் பின்பக்கமும்தான் பிரச்சினை. பழைய முள்ளுக்கம்பியும் இடைக்கிடை பட்டுப்போன கதியாலும் (வேலிக்கு நட்ட உயிர்த்தடி) நிற்குது. நாய் மூன்று: ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு ஒன்று, ஊர் நாய் கடுவன் ஒன்று, 6 கிலோ அளவில் ஒரு சின்னன். மதில் கட்டினால் காசு கூட. வலைக்கம்பி அடிக்கலாமா? வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் மண்ணுக்குள்ளே வயர் தாட்டு, கழுத்துப்பட்டியில அதிர்ச்சி கொடுக்கிற செட் அனுப்பட்டா என்று கேட்கிறார். எது சரி?

வாலாட்டி:
தம்பி, வேலியைத் தெரிவு செய்ய முன்னம் ஒவ்வொரு நாயும் எதால வெளியேறுது என்று சொல்லுங்க. தோண்டிப் போகிற நாய்க்கு 8 அடி உயரம் கட்டியும் பிரயோசனமில்லை. பாய்கிற நாய்க்கு மண்ணுக்குள்ளே எவ்வளவு கம்பி தாட்டாலும் வீண். கேற் திறக்கிற நேரம் பார்த்து ஓடுகிற நாய்க்கு வேலி எதுவும் மருந்தில்லை. கடுவனுக்குக் காயடிச்சதா இல்லையா என்றதையும் சேர்த்துச் சொல்லுங்க.

வளவுக்காரன்:
ஓம் அக்கா. ஷெப்பர்ட் கலப்பு தோண்டும், பின்வேலிக்குக் கீழே எப்பவும் குழிதான். கடுவன் முன்மதிலில கால் வைத்து ஏறிப் பாயும், காயடிக்கல்ல. சின்னன் கேற்றுக் கம்பி இடைவெளியால போகும்.

வாலாட்டி:
அப்ப மூன்று நாய்க்கும் மூன்று வழி. கடுவனை முதலில அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகத்தில விசாரித்துக் காயடிச்சு விடுங்க. பொட்டை நாய் பருவத்துக்கு வந்த வாசனைக்கு அலைகிறது அதோட நல்லாக் குறையும். ஓமோன் உடம்பில இருந்து இறங்க சில கிழமை எடுக்கும், அடுத்த நாளே மாற்றத்தைப் பார்க்காதீங்க. மதில் ஏறிப் பழகின பழக்கம் அதோட போகாது, அதுக்குத் தனி வேலை இருக்கு.

கம்பிச்சுருள்:
இடமும் பின்னும் சேர்த்து 150 அடி. மணல் வளவு என்றபடியால் கணக்கைக் கொஞ்சம் விரிவாவே போடுறன்.

தூண்: 8 அடிக்கு ஒன்று. 90 அடிக்கு 12 இடைவெளி, 60 அடிக்கு 8 இடைவெளி, மொத்தம் 21 தூண். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் களிமண்ணில 2 அடி இறக்கினாலே தூண் அசையாது. உங்கட மணலில 3 அடி வேணும். அதால 9 அடி கொங்கிறீற் தூண் எடுத்து 3 அடி உள்ளே, 6 அடி வெளியே. கடையில 7, 8 அடித் தூண்தான் நிற்கும், 9 அடியை முன்கூட்டி ஓடர் கொடுத்து வார்ப்பிக்கணும். குழி ஓரடிச் சதுரம். தோண்டும்போது மணல் சரியும், அதால முதலில தண்ணி ஊற்றி ஈரமாக்கிப் போட்டுத் தோண்டுங்க. 1:3:6 (சீமெந்து, மணல், சல்லி) கலவைக்கு 21 குழிக்கும் கிட்டத்தட்ட 8 பை சீமெந்து. இரண்டு கடைசித் தூணுக்கும் ஒவ்வொரு சாய்வுத் தாங்கி, மூலைத் தூணுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அந்த நாலுக்கும் சேர்த்து 9 பை என்று வையுங்க. தாங்கி இல்லாமல் கம்பியை இழுத்தால் மூலைத்தூண் உள்ளே சாயும், மறுகா வலை முழுக்கத் தொய்யும். ஊரில தொய்ந்து நிற்கிற வலைக்கம்பி வேலியில பெரும்பாலானதுக்கு இதுதான் காரணம்.

கொங்கிறீற் போட்டு ஒரு கிழமை தண்ணி விட்டுக் காய்ந்த பிறகுதான் கம்பி இழுக்கணும். அவசரப்பட்டு அடுத்த நாளே இழுக்கிற ஆட்களிடம் வேலை கொடுக்காதீங்க.

இழுவைக் கம்பி: மேல், நடு, கீழ் என்று மூன்று வரி, 10 கேஜ், அதாவது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. கிட்டத்தட்ட 10 கிலோ போகும். ஒவ்வொரு வரியின் ஒரு முனையிலும் டேர்ன் பக்கிள் ஒன்று போட்டால், பிறகு தொய்ந்தாலும் திருகி இறுக்கலாம்.

வலை: 6 அடி உயரம், 2 அங்குலக் கண். 50 அடிச் சுருள் என்றால் 3. கேஜ் இலக்கம் கூடக்கூடக் கம்பி மெல்லிசாகும், இதை மறக்காதீங்க. 14 கேஜ் 2 மி.மீ. அளவுதான், பெரிய நாய் மேல பாய்ந்து பாய்ந்தே குழிவு விழுத்திப் போடும். 12 கேஜை விட மெல்லிசா எடுக்காதீங்க, 12 கேஜ் 2.6 மி.மீ.

உப்புக்காத்து:
கடலோரத்தில சாதாரண ஜி.ஐ. (நாகம் பூசின) வலை பின்னல் முறுக்கிலதான் முதலில துரு பிடிக்கும். பி.வி.சி. பூசினது எடுங்க. ஆனால் கடையில 3.5 மி.மீ. என்று சொல்லுறது பிளாஸ்ரிக்கோட சேர்த்து. உள்ளே கம்பி 2 மி.மீ.யாகவும் இருக்கலாம். முனையில ஒரு அங்குலம் உரித்து வேர்னியர் (தடிப்பு அளக்கிற கருவி) வைத்துப் பாருங்க. உரிக்க விடாத கடையில வாங்காதீங்க.

கம்பிச்சுருள்:
மெய்தான். வெட்டின முனையெல்லாம் பிளாஸ்ரிக் இல்லாமல் நிற்கும், அந்த வழியால உப்பு உள்ளே இறங்கும். வேலை முடிந்ததும் சிங்க் பெயின்ற் தொட்டு விடுங்க.

இப்ப அடிப்பக்கம். உங்கட ஷெப்பர்டுக்கு முக்கியமானது இதுதான், கொஞ்சம் கவனமா வாசியுங்க. மணல் இளகல் என்றபடியால் வலையை நேரே கீழே 1 அடி தாட்டு விடலாம் என்று பலபேர் நினைக்கிறாங்க. மணலில நாய் கொஞ்ச நேரத்தில 2 அடி தோண்டும். நேரே தாட்ட வலைக்குக் கீழேயும் அது போகும். நாய் வேலியின் அடியில வாயை வைத்துத்தான் தோண்டத் தொடங்கும், 2 அடி பின்னுக்கு வந்து தொடங்கினால் வெளியேறலாம் என்ற யோசனை அதுக்கு வராது. அதால வலையைத் தரையில படுக்க வைக்கணும்.

3 அடி அகல, 1 அங்குலச் சதுரக் கண் வெல்ட் மெஷ் எடுங்க. அதை எல் வடிவில மடக்கி, 1 அடியை வேலியில நிமிர்த்திக் கட்டுங்க, 2 அடியை வளவுக்குள்ளே தரையில விரியுங்க. நிமிர்ந்து நிற்கிற அந்த 1 அடி சின்னனையும் குட்டிகளையும் மறிக்கும், 2 அங்குலக் கண்ணுக்குள்ளே தலையை விட்டு மாட்டுப்படுகிறதும் இருக்காது. வேலியோட கட்டுக்கம்பியால 6 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. சுருளும் சுருளும் சேருகிற இடத்தில 6 அங்குலம் மேலே மேலே வர வையுங்க. அதால 3 சுருள் மட்டுமட்டாத்தான் வரும், 4 அடி அளவு துண்டு ஒன்று கூட வாங்குங்க.

ஆணி: 10 மி.மீ. கம்பியை யு வடிவில வளைத்து அடிக்கிறது களிமண்ணுக்குச் சரி. மணலில கையால இழுத்தாலே வரும். அதால மெஷ்ஷின் உள்விளிம்பில 4 அடிக்கு ஒரு புளொக் கல் வைத்து, மேலே 3 அங்குலம் கிறவல் போட்டு அடிச்சு இறுக்குங்க. கிறவலுக்குள்ளே புல் வேர் பிடிச்ச பிறகு அது தானா இறுகும். முதல் மாரி முடியிற வரைக்கும்தான் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்ப் பார்க்கிற வேலை.

மேசன்_மட்டு:
வலைக்குப் பதிலா அடியில புளொக் கல் வரி கட்டுற முறையும் இருக்கு. 16 அங்குலக் கல் என்றால் 150 அடிக்கு ஒரு வரிக்கு 113 கல். ஆனால் ஒரு வரி போதாது, மணலில கல்லுக்குக் கீழேயும் நாய் தோண்டும். ஒரு வரி மண்ணுக்குள்ளே, ஒரு வரி வெளியே என்று இரண்டு வரி வேணும், 226 கல். தூணுக்கும் கல்லுக்கும் இடையில சாந்து அடைக்கணும். செலவு மெஷ்ஷை விடக் கூட, ஆனால் துருப் பிடிக்கிற பயமில்லை.

இன்னொன்று. தூண் வார்க்கிறவர் எந்த மணலில வார்க்கிறார் என்று பாருங்க. கடற்கரை மணலை அலசாமல் போட்டால் உள்ளே இருக்கிற கம்பியில உப்புப் பிடிச்சு, துரு வீங்கி, தூண் நீளவாட்டில வெடிக்கும். ஆற்று மணலில வார்த்த தூண்தான் வேணும். தூணில கம்பிக்கு மேலே 1 அங்குலம் கொங்கிறீற் இருக்கணும். கம்பி வெளியே தெரிகிற தூணைத் திருப்பி அனுப்புங்க.

வளவுக்காரன்:
மேசன் அண்ணன், அப்ப முழு மதிலே கட்டினால்?

மேசன்_மட்டு:
மதில்தான் நாய்க்கு நல்லது, அதில மாற்றுக் கருத்தில்லை. வெளியே போறவன் வாறவன் தெரியாது, குரைப்பும் குறையும். ஆனால் மணலில 6 அடி மதிலுக்கு 2 அடி ஆழ அத்திவாரம், 18 அங்குல அகலக் கருங்கல், 10 அடிக்கு ஒரு தூண், மேலே ஒரு கொங்கிறீற் பட்டி. அதில கைவைத்து மிச்சம் பிடிச்சால் மதில் நாயை மறிக்க முன்னம் தானே விழும். பின்பக்கம் வாவி தாழ்வாக் கிடந்தால் மாரியில தண்ணி அந்தப் பக்கம்தான் ஓடும். அதை மறிச்சு மதில் கட்டினால் உங்கட வளவும் நிரம்பும், அயலவனோட சண்டையும் வரும். 10 அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் அடியில விடணும், அதுக்குக் கம்பிக்கூடு போடணும், இல்லாட்டிச் சின்னன் அதால போகும்.

தகரம் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. 6 அடித் தகரம் பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். மட்டக்களப்பில 1978 நவம்பர் புயலைப் பார்த்தவங்களுக்கு அதுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

படுவான்கரை:
எங்கட பக்கம் நாலு ஏக்கர் தோட்டத்துக்கு மின் அதிர்வு வேலி போடுறாங்க. ஆடு மாட்டுக்குப் போடுற அதே எனர்ஜைசர் (கம்பிக்கு விட்டுவிட்டு மின் துடிப்புக் கொடுக்கிற பெட்டி), நாய்க்கும் சரிவரும். தரையில இருந்து 6 அங்குலத்தில ஒரு வரி, 14 அங்குலத்தில ஒரு வரி, மூக்கு உயரம்தான் கணக்கு. தலையால தொடணும், முதுகு மயிரில பட்டால் ஒன்றும் தெரியாது. செலவு வலைக்கம்பியில கால்வாசியும் வராது.

கம்பிச்சுருள்:
20 பேர்ச் வளவுக்கு அது சரிவராது. ஒன்று, மண்கம்பி. துடிப்பு நாயின் உடம்பால மண்ணுக்குப் போய்த்தான் எனர்ஜைசருக்குத் திரும்பணும். கோடையில காய்ந்த மணல் மின்னைக் கடத்தாது, 6 அடிக் கம்பி மூன்றை 10 அடி இடைவிட்டு இறக்கினாலும் அதிர்ச்சி சாதுவாத்தான் இருக்கும். கிணற்றடி ஈரத்தில இறக்கினால் கொஞ்சம் தேறும், ஆனால் வீட்டு மின்னின் மண்கம்பிக்குக் கிட்டே இறக்கக்கூடாது. இரண்டு, மாரியில புல் வளர்ந்து கம்பியில முட்டினால் துடிப்பு முழுக்க அதால வடியும். கிழமைக்கு ஒருக்கா வெட்டணும். மூன்று, அயல்வீட்டுப் பிள்ளைகளின் கை எட்டுற எல்லையில அதைப் போடுறது.

படுவான்கரை:
பெரிய காணிக்குத்தான் சொன்னன். 20 பேர்ச்சுக்கு நீங்க சொல்லுறது சரி. ஒன்று மட்டும் எல்லாருக்கும்: எனர்ஜைசர் இல்லாமல் வீட்டு மின்னை நேரே கம்பிக்குக் கொடுக்கிற வேலை சட்டத்துக்கும் விரோதம், ஆளையும் கொல்லும். எனர்ஜைசர் செக்கனுக்கு ஒரு துடிப்புக்கு மேலே அடிக்காது, ஐ.ஈ.சி. 60335-2-76 தரப்படி ஒரு துடிப்பில 5 ஜூலுக்கு மேலே விடாது. அதாலதான் தொட்டவன் கையை எடுக்க முடியுது. நேரே கொடுத்த வீட்டு மின் அப்பிடி விடாது, பிடிச்சபடி வைத்திருக்கும்.

வளவுக்காரன்:
கழுத்துப்பட்டி செட்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்லயே? வேலியே தேவையில்லை என்கிறாங்க.

வாலாட்டி:
அது வேலையே செய்யாது என்று சொல்ல மாட்டன், ஆனால் உங்கட வளவுக்கு வேணாம்.

வளவைச் சுற்றி வயரை 2, 3 அங்குல ஆழத்தில தாட்டு, தொடங்கின இடத்துக்கே கொண்டு வந்து வளையமா மூடணும். வீட்டில இருந்து வளையம் வரைக்கும் போற இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கினால் அந்த இடத்தில சிக்னல் ஒன்றையொன்று அழிச்சுப் போடும், நாய் அதுக்கு மேலால நடக்கலாம். வயரைக் கிட்டிக்கிட்டே வந்தால் முதலில பீப் சத்தம், அதுக்கும் மிஞ்சினால் அதிர்ச்சி. இவ்வளவும் எளிதுதான்.

வில்லங்கம் எங்கே என்றால், அது உங்கட நாயை மட்டும்தான் மறிக்கும். தெரு நாய் உள்ளே வாறதை மறிக்காது. ஊரில விசர்நாய்ப் பயம் இருக்கிற இடத்தில, உள்ளே வந்த நாயிட்ட இருந்து ஓடித் தப்பக்கூட உங்கட நாய் எல்லையைத் தாண்ட ஏலாது. தடுப்பூசி வருசா வருசம் போட்டிருந்தாலும் கடிபட விடலாமா? அடுத்தது, பூனையையோ பொட்டையையோ கண்டு வேகத்தில ஓடுகிற நாய் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு எல்லையைத் தாண்டும். வேகம் தணிந்த பிறகு திரும்பி வரப் பயப்படும், வந்தால் மறுபடியும் அடிக்கும் என்று அதுக்குத் தெரியும். அதிர்ச்சி விழுகிற நேரம் றோட்டால ஒரு பிள்ளை போனால், பிள்ளையாலதான் நோகுது என்று நாய் படிச்சுக் கொள்ளுறதும் உண்டு. அப்பிடிப் பழகின நாய் பிறகு பிள்ளைகளைக் கண்டாலே சீறும்.

பட்டியை 24 மணித்தியாலமும் போட ஏலாது. அதிர்ச்சி கொடுக்கிற இரண்டு முனையும் தோலில அழுத்திக்கொண்டே இருந்தால் புண் வரும், ஒரு நாளில 12 மணித்தியாலத்துக்கு மேலே வேணாம். எங்கட ஈர வெக்கைக்கு இன்னும் குறையுங்க. சின்னக் கொடி நட்டு, கயிற்றில பிடிச்சு, 2 முதல் 4 கிழமை பழக்கணும். அதைச் செய்யாமல் பட்டியைக் கட்டிவிட்டால் எங்கே இருந்து அடிக்குது என்று தெரியாமல் நாய் ஒரு மூலையில படுத்துக் கிடக்கும். வேல்ஸ் நாட்டில 2010இல இந்த அதிர்ச்சிப் பட்டியையே தடை செய்தாங்க.

உப்புக்காத்து:
மின் போனால்? சித்திரை, ஐப்பசி இடி மின்னலுக்கு 300 அடி வயர் மண்ணுக்குள்ளே கிடந்தால் பெட்டி எரியிறதுக்கு நல்ல வழி.

வளவுக்காரன்:
சரி, அதை விட்டன். முன்மதிலையும் கேற்றையும் என்ன செய்யிறது?

கம்பிச்சுருள்:
முன்மதில் 5 அடி. கடுவன் பாய்கிறதில்லை, முன்காலால விளிம்பைப் பிடிச்சு ஏறுது. அந்தப் பிடியைக் கொடுக்காமல் விட்டால் சரி. மதிலுக்கு மேலே 8 அடிக்கு ஒரு இரும்புத் தாங்கி, அதில இறுக்கமா ஒரு கம்பிக்கயிறு. கயிற்றில 1 அங்குல பி.வி.சி. குழாயைக் கோர்த்து, அதுக்கு மேலே 3 அங்குலக் குழாயைப் போடுங்க. கால் வைத்ததும் வெளிக்குழாய் உருளும், பிடி கிடைக்காது. இரண்டு குழாயையும் தாங்கிக்குத் தாங்கி துண்டா வெட்டி, சுயமா உருள விடணும். ஒரே நீளமாப் போட்டால் வளைந்து நின்றுவிடும். குழாய் மதிலின் உள்விளிம்பைத் தாண்டி வளவுப்பக்கம் தள்ளி நிற்கணும், மதிலின் நடுவில வைத்தால் குழாய்க்கு முன்னால கால் வைக்க இடம் கிடைக்கும்.

போத்தல் ஓடு பதிக்காதீங்க. கள்ளனுக்கு முன்னம் நாயின் பாதம்தான் கிழியும்.

பக்கவேலிக்கு மேலே தேவை என்றால் 18 அங்குலக் கை ஒன்றை 45 பாகையில உள்பக்கம் சாய்த்து, இரண்டு வரி கம்பி இழுக்கலாம். வெளிப்பக்கம் சாய்த்தால் அது கள்ளனுக்கு, நாய்க்கில்லை. வேலியில இருந்து 5 அடிக்குள்ளே கல் அடுக்கு, தண்ணித் தாங்கி, விறகுக் குவியல் ஒன்றும் இருக்கக்கூடாது.

மேசன்_மட்டு:
கேற்றுக்குக் கீழே கொங்கிறீற் படி ஒன்று போடுங்க. அகலம் 9 அங்குலம், ஆழம் 12 அங்குலம், கேற்றுக்கும் படிக்கும் இடையில 1½ அங்குலம். மணலில படி இல்லாட்டி ஓட்டோ ஏறி இறங்கியே கேற்றுக்குக் கீழே பள்ளம் விழும், அதால சின்னன் போகும், மறுகா மற்றது அதைப் பெருப்பிக்கும். கேற்றுக் கம்பிக்கு உள்பக்கம் 2 அடி உயரத்துக்கு அதே 1 அங்குல மெஷ்ஷை வெல்டிங் பிடியுங்க. தரையில இறங்குற தாழ்ப்பாளுக்குப் படியில குழாய்த் துண்டு பதிச்சு வையுங்க, அடியைத் திறந்து விட்டால் மணல் நிரம்பாது.

வாலாட்டி:
கேற்றுக்கு உள்ளே இன்னொரு சின்னக் கதவு வைத்தால், அதாவது 6 அடி தள்ளி 4 அடி உயரத்தில குறுக்கு வேலி ஒன்று, ஒன்றை மூடிப் போட்டு மற்றதைத் திறக்கலாம். ஓடித் தப்புற நாய்க்கு இதை விட நல்ல மருந்தில்லை. வாகனம் உள்ளே எடுக்கிற வளவு என்றால் அவ்வளவு இடம் இருக்காது, அப்ப நாய்க்கூடுதான். 6 அடிக்கு 12 அடி, தரை கொங்கிறீற், அடிக்கு கால் அங்குலம் சரிவு, வெள்ளம் ஏறாத உயரம். தகரத்துக்கு மேலே கிடுகு போட்டால்தான் பகல் வெக்கை தாங்கும். ஆட்கள் வந்து போற நேரத்துக்கு மட்டும் அடைக்கிறது அது, நாள் முழுக்க அடைக்க இல்லை. சங்கிலியில கட்டுறதை யோசிக்கவே வேணாம். வேலிக்குக் கிட்டே கட்டின நாய் வேலிக்கு மேலால பாய்ந்து தொங்கிச் சாகும்.

மாமாங்கத் தீர்த்தம், தீபாவளி, புதுவருசம் என்று வெடி போடுற நாட்களில இந்த வேலி ஒன்றையும் நம்பாதீங்க. பயந்த நாய்க்கு 6 அடி ஒன்றுமில்லை. இருட்டுக்கு முன்னமே வீட்டுக்குள்ளே அறையில விடுங்க.

வளவுக்காரன்:
பின்பக்கம் இப்ப நிற்கிற கிளிசரியாக் கதியாலில வலையை நேரே ஆணி அடிச்சு விட்டால் தூண் செலவு மிச்சம் தானே?

கம்பிச்சுருள்:
வேணாம். உயிர்மரம் பருத்துக் கம்பியை விழுங்கும், மரம் ஆடும்போது வலை கிழியும். காற்றுக்கு ஒரு கதியால் விழுந்தால் 20 அடி வலையும் அதோட போகும். தூண் வரிசைக்கு 2 அடி வெளியே கதியால் தனியா நிற்கட்டும், நிழலுக்கும் மறைப்புக்கும் நல்லது. பட்டுப்போன இடத்துக்கு ஐப்பசி மழையோட கைமொத்தக் கதியாலை ஓரடிக்கு ஒன்றா நட்டால் பிடிக்கும்.

வாலாட்டி:
கிளிசரியாப் பட்டையும் விதையும் எலிக்கு வைக்கிற நஞ்சு. குட்டி நாய் கடிச்சு விளையாட விடாதீங்க. வெட்டின தடியை வளவுக்குள்ளே போட்டு வைக்கவும் வேணாம்.

வளவுக்காரன்:
வேலையை எப்ப தொடங்கலாம்? முதலில எதைச் செய்யிறது?

மேசன்_மட்டு:
ஆவணியில தொடங்குங்க. புரட்டாதி முடிய முன்னம் தூணும் படியும் காய்ந்துவிடணும். மாரி தொடங்கினால் உங்கட பக்கம் 3 அடிக் குழியில தண்ணி ஊறும், அதுக்குள்ளே கொங்கிறீற் போட்டால் சீமெந்து கழுவுண்டு போகும். முதலில கேற்றுப் படியும் மெஷ்ஷும், அது இரண்டு நாள் வேலை, சின்னன் அதோட நிற்கும். பிறகு பின்பக்கம் 60 அடி. இடப்பக்கம் கடைசி. காசு இடையில முடிந்தால் இடப்பக்கத்துக்கு இருக்கிற முள்ளுக்கம்பிக்கு உள்ளே அந்த எல் மெஷ்ஷை மட்டும் கட்டி வையுங்க.

கம்பிச்சுருள்:
அப்பிடிச் செய்தால் மூலைத் தூணின் இரண்டாவது தாங்கியை இப்பவே போடுங்க. பிறகு போடுறதுக்கு விரிச்ச மெஷ்ஷைக் கிளப்ப வேண்டி வரும்.